நாற்பத்தொன்றாவது சட்டகம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வரியிலிருந்து கிடைத்தது. அந்த வரியை எழுதியது நான் இல்லை. மேசைமேல், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. அனுமதி கேட்காமல் எடுத்துப் படித்தேன். ‘என் கவனக்குறைவால் நேர்ந்த ஒரு பிழையிலிருந்து இந்த உரையைத் தொடங்குகிறேன்.’ நர்சிங் பள்ளி ஒன்றில் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பாடம் நடத்திய ஒரு டியூட்டர், வருகிற வெள்ளிக்கிழமை ஓய்வு பெறும்போது பேசுவதற்காக எழுதி வைத்திருந்தது அது.

அவர் உண்மையிலேயே கவனக்குறைவானவரா? கதை முழுக்க இந்த ஒரே கேள்விதான். இதற்கு ஒரு கதையா என்று நீங்கள் நினைக்கலாம். பத்தொன்பது வருஷமாக அவர் அதை நம்பிக்கொண்டிருக்கிறார். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறார். கேட்டால், “நமக்குத்தான் கவனம் பத்தாதே” என்று சிரிக்கிறார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

படிப்பதற்கு முன் ஒரு அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அழைப்பிதழ், மருந்து டப்பாவின் மூடி, எதுவானாலும் சரி. சில பகுதிகளின் கடைசியில் ஒரு கோடு இருக்கும், அதை நிரப்புங்கள். விடை அடுத்த பகுதியின் தலையில் இருக்கும், அதுவரை அதை அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பவை நான் எழுதிவிட்டு அடித்த வரிகள். அழிக்காமல் விட்டிருக்கிறேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

2

[வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. டியூட்டர் ஜன்னல் வழியாக—]

மழையெல்லாம் பெய்யவில்லை. கதை எழுத உட்கார்ந்தாலே என் கைக்கு மழை வந்துவிடுகிறது.

[நிரல்வழிக் கற்பித்தல் என்பது, பாடப்பொருளைச் சிறு சிறு அலகுகளாகப் பகுத்து, கற்பவரின் துலங்கலுக்கு உடனடி—]

எனக்கே கொட்டாவி வருகிறது. வேறு இடத்தில் தொடங்குகிறேன்.

அவருக்குப் பத்தொன்பது வயது. நர்சிங் முதலாம் ஆண்டு. வார்டில் ஒரு கட்டிலின் பக்கத்தில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. தலைமை நர்ஸ் ரவுண்டு வந்தவர், பார்வையாளர்கள் எல்லாம் நிற்கும்போது, “நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு வைக்கணும்? சொல்லு” என்றார். இவர் ஏதோ ஒரு எண்ணைச் சொன்னார். தப்பு. தலைமை நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். பார்வையாளர்கள் சிரித்தார்கள். கட்டிலில் படுத்திருந்த நோயாளியும் சிரித்தார். அந்த நோயாளி சிரித்ததைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. யார் கையில் ஊசி குத்தியிருக்கிறதோ அவரே சிரித்துவிட்டாரே!

அன்றிலிருந்து அவருக்கு ஒரு எண்ணம். ஒருத்தி தப்புச் செய்து கற்றுக்கொள்ளும்போது பக்கத்தில் வேடிக்கை பார்க்க ஆள் இருக்கக் கூடாது. தப்பும் அவளும் மட்டும் தனியாக இருக்க வேண்டும்.

3

பிற்பாடு டியூட்டராகி, கல்வியியலில் டாக்டர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டு, தலைப்புக்காக நூலகத்தில் அலைந்தபோது அவர் எண்ணத்துக்குப் பெயர் கிடைத்தது. நிரல்வழிக் கற்பித்தல். ஒரு காலத்தில் ஆஹா ஓஹோ என்று கொண்டாடி, அப்புறம் சலித்துப்போய் எல்லோரும் பரணில் தூக்கிப் போட்ட முறை. பாடத்தைப் பொடிப்பொடியாக உடைக்க வேண்டும். ஒவ்வொரு பொடிக்கும் சட்டகம் என்று பெயர். ஒரு சட்டகத்தில் ஒரே ஒரு புது விஷயம், ஒரே ஒரு காலிக் கோடு. மாணவி கோட்டை நிரப்புவாள், இடது ஓரத்தை மறைத்திருக்கும் அட்டையைக் கீழே இழுப்பாள், விடையைப் பார்ப்பாள். சரியென்றால் அடுத்தது. பக்கத்தில் வாத்தியாரும் இல்லை, தலையில் அடித்துக்கொள்ள ஆளும் இல்லை.

அந்த முறையைப் பற்றிய பழைய ஆய்வேடு ஒன்றில் ஒரு விதி இருந்தது. மாணவி ஒரு சட்டகத்தில் தவறினால் குற்றம் மாணவியுடையது அல்ல, சட்டகத்துடையது. அதைத் திருத்தி எழுது. இதைப் படித்ததும் டியூட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆய்வேட்டைப் படித்து அழுகிற ஒரு பெண்மணியைப் பக்கத்து மேசைக்காரர் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

டியூட்டர் எடுத்துக்கொண்ட பாடம் சொட்டுக் கணக்கு. வேறு எதை எடுப்பார்? நாற்பத்து நான்கு சட்டகங்கள் எழுதினார். நாற்பதாவதை உங்களுக்குத் தருகிறேன். அட்டை தயாரா?

சொட்டு சிறியதாக ஆக, ஒரு மில்லிலிட்டரில் அடங்கும் சொட்டுகளின் எண்ணிக்கை ____________ ஆகும்.

4

விடை: அதிகம்

சரியாகத்தான் எழுதியிருப்பீர்கள். உள்ளே லேசாக ஒரு குஷி எட்டிப் பார்த்திருக்குமே? அந்தக் குஷியை நம்பித்தான் இந்த முறையே ஓடுகிறது.

டிரிப் குழாயில் இரண்டு வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சொட்டுக் குழாயில் இருபது சொட்டு விழுந்தால் ஒரு மில்லி. சிறிய சொட்டுக் குழாயில் அறுபது சொட்டு விழுந்தால்தான் ஒரு மில்லி. பெரிய சொட்டுக்கு இருபது, சின்னச் சொட்டுக்கு அறுபது. இந்தக் கதைக்கு இவ்வளவு நர்சிங் போதும்.

ஆராய்ச்சி இப்படி. முதலாம் ஆண்டில் அறுபத்து நான்கு மாணவிகள். சீட்டுக் குலுக்கிச் சரிபாதியாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு வழக்கம்போல கரும்பலகைப் பாடம். மறு பாதிக்குச் சுருள்கம்பி போட்ட புத்தகம் மட்டும். மறுநாள் இரண்டு பாதிக்கும் ஒரே தேர்வு. மூன்று வாரம் கழித்து, எவ்வளவு மறந்திருக்கிறார்கள் என்று பார்க்க அதே தேர்வு இன்னொரு முறை. இடைப்பட்ட மூன்று வாரமும் அந்தப் பாடத்தைப் பற்றி யாரும் அவர்களிடம் மூச்சு விடக் கூடாது. விட்டால் ஆராய்ச்சி கெட்டுவிடும். இந்த மூன்று வாரத்தை மறக்காதீர்கள்.

ஆக, புத்தகம் வாங்கிய மாணவிகள் ____________ பேர்.

5

விடை: 34

இப்போது ஒரு பாத்திரத்தைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. எனக்கு அவ்வளவு இஷ்டமில்லை. புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் அடித்து, பக்கம் பிரித்து, அச்சுக்குத் தயார் செய்த ஆள். அவரைப் பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் என்று வைத்துக்கொள்வோம்.

[நல்ல மனிதர். வேலையில் படு சுத்தம். எழுத்துப் பிழை என்றால்—]

பக்கம் கட்டுவதில் அவருக்கு ஒரு தனி வழக்கம் இருந்தது. விடைகள் ஒரு கோப்பு, சட்டகங்கள் ஒரு கோப்பு. இரண்டையும் தனித்தனியாக அடித்து, அச்செடுத்து, பட்டைபட்டையாக வெட்டி ஒரே தாளில் எதிரெதிரே ஒட்டி, அதைப் பிரதி எடுப்பார். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டிருக்கலாமே என்று இன்றைக்குச் சின்னக் குழந்தைகூடக் கேட்கும். அன்றைக்கு அவருக்கு அட்டவணை போடத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

முதலில் சீனியர் மாணவிகள் பத்துப் பேரிடம் புத்தகத்தை வெள்ளோட்டம் விட்டார்கள். நாற்பத்தொன்றிலும் நாற்பத்திரண்டிலும் நான்கு பேர் தடுக்கி விழுந்தார்கள். ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்று முதலில் சிறிய சொட்டுக்கு, அப்புறம் பெரிய சொட்டுக்குக் கேட்கிற வரிசை இருந்தது. எப்போதும் புழங்குகிற பெரிய சொட்டை முதலில் வைத்தால் தேவலை என்று டியூட்டருக்குப் பட்டது. குற்றம் சட்டகத்துடையது அல்லவா. இரண்டையும் இடம் மாற்றிவிடச் சொன்னார்.

கடைக்காரர் மாற்றினார். சட்டகங்களின் பட்டை இரண்டையும் உரித்து இடம் மாற்றி ஒட்டினார். எதிர் ஓரத்தில் இருந்த விடைகள் போட்ட இடத்திலேயே இருந்தன.

[டியூட்டர் கடை வாசலில் நின்று கேட்டார்: “விடையையும்—]

இந்த வரி இப்போது வேண்டாம்.

6

புத்தகம் கொடுத்த புதன்கிழமை. வகுப்பறையில் காகிதம் திரும்புகிற சத்தம் மட்டும். டியூட்டர் பக்கச் சுவரோரமாக ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருந்தார். முதல் பக்கத்தில் விதிகள் இருந்தன. பேசக் கூடாது. அழிப்பான் கூடாது. உன் விடை தவறாக இருந்தால் அதன்மேல் ஒரே ஒரு கோடு இழுத்துவிட்டு, பக்கத்தில் சரியான விடையை எழுது. எத்தனை பேர் எங்கே தவறினார்கள் என்று பிற்பாடு எண்ண வேண்டுமே, அதற்காக இந்த ஏற்பாடு.

ஒவ்வொருத்தியும் அட்டையைக் கீழே இழுக்கும்போது முகத்தில் வந்துபோகிற சின்ன வெளிச்சத்தை டியூட்டர் பார்த்தார். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. வாழ்க்கையில் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டோம் என்று அன்று அவருக்குத் தோன்றியது.

எல்லோரும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர. தோழிகள் அவளுக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு புத்தகத்தை நீட்டியவள், கையை விடவில்லை.

“மேடம், ஒரே ஒரு சந்தேகம்.”

“இப்ப ஒண்ணும் கேக்கக் கூடாதும்மா.”

“இல்ல மேடம், கடைசிக்கு முன்னால ரெண்டு—”

“மூணு வாரம் கழிச்சுக் கேளு. இப்ப நான் வாயத் திறந்தா என் ஆராய்ச்சியே போச்சு.”

ஆமை போய்விட்டாள்.

(இந்த ஆமையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு! ஒரு பிரதியில் அவளை அறிவாளி ஆக்கினேன். இன்னொன்றில் அவளுடைய அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல், மாதக்கணக்கில் டிரிப் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டு எண்ணியவள் ஆக்கினேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன். அவள் மெதுவாகப் படிக்கிற ஒரு பெண், அவ்வளவுதான். மெதுவாகப் படித்ததால் நாற்பதாவது சட்டகம் மனதில் இருக்கும்போதே நாற்பத்தொன்றுக்கு வந்துவிட்டாள்.)

7

சனிக்கிழமை காலை. வியாழக்கிழமை வைத்த தேர்வின் விடைத்தாள்கள். டியூட்டருக்கு முதலில் சந்தோஷம். புத்தகக் குழு பல கேள்விகளில் கரும்பலகைக் குழுவைத் தூக்கிச் சாப்பிட்டிருந்தது. ஒன்பதாவது கேள்விக்கு வந்தார். பெரிய சொட்டுக் குழாயில் மில்லிக்கு எத்தனை சொட்டு?

அறுபது. அறுபது. அறுபது. அறுபது.

கட்டு மாறிவிட்டதோ என்று நினைத்தார். புத்தகக் குழுவில் முப்பத்தொரு பேர் அறுபது என்று எழுதியிருந்தார்கள், ஒருத்தி மட்டும் இருபது. அலமாரியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து நாற்பத்தொன்றாவது சட்டகத்தைப் பார்த்தார். அங்கே அந்த மாணவி, முன் சட்டகங்களில் படித்ததை வைத்து, முதலில் 20 என்று எழுதியிருந்தாள். அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் 60. நாற்பத்திரண்டில் 60 எழுதி, கோடு போட்டு, 20. அடுத்த புத்தகத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

எல்லாப் புத்தகத்தையும் தரையில் விரித்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். முப்பத்தொரு பெண்களும் சரியாக எழுதிவிட்டு, விடையைப் பார்த்து, தங்களுடைய சரியைத் தங்கள் கையாலேயே அடித்திருந்தார்கள். எல்லாக் கோடும் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்தது. ஆமை மட்டும் அடிக்கவில்லை. 20க்கு நேரே சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். கேள்விக்குறிக்கு அந்தப் புத்தகத்தில் இடம் கிடையாது, அதனால் ஓரத்துக்கு வெளியே, சுருள்கம்பியை ஒட்டிப் போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை முதல் இவர்களுக்கு வார்டு டூட்டி.

8

டியூட்டரின் ஆய்வுக்கு வழிகாட்டிய நெறியாளர் நல்லவர். போனில் முழுசாகக் கேட்டார்.

“பதறாதம்மா. ஒரு கேள்விதான? அத கணக்குலேர்ந்து எடுத்துடு. அச்சுப்பிழைன்னு பின்னிணைப்புல ஒரு வரி போட்டுக்கலாம்.”

“அது சரி சார், திங்கக்கிழமை வார்டுக்குப் போறாங்களே.”

“போகட்டும். பாக்கெட் மேலயே எண் அச்சடிச்சிருக்கும். மனப்பாடத்த நம்பி யார் டிரிப் ஏத்தறா?”

“பாக்கெட்ட பிரிச்சுக் குப்பைல போட்டப்புறம் எத நம்பி எண்ணுவாங்க சார்? பெரிய சொட்டுக்கு அறுபதுன்னு நினைச்சு வச்சா மூணு மடங்கு வேகமா ஏறும். இதயம் பலவீனமான ஆளா இருந்தா?”

“புரியுது. ஆனா இப்ப போய்ச் சொல்லிக்குடுத்தேன்னு வை, மூணு வாரம் கழிச்சு நீ வைக்கப்போற தேர்வுக்கு அர்த்தமே இல்ல. ரெண்டு வருஷ வேலை. யோசிச்சு முடிவு பண்ணு.”

9

இந்த இடத்தில் மூன்று பாதை எழுதிப் பார்த்தேன்.

[முதல் பாதை: டியூட்டர் பேசாமல் இருக்கிறார். மூன்று வாரமும் வார்டு வார்டாகப் போய், யாரும் பார்க்காதபோது ஒவ்வொரு டிரிப்பையும் தானே எண்ணிச் சரிசெய்கிறார்.] இதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் முப்பத்தொரு பேர் பின்னால் ஒரே ஆள் ஓட முடியாது.

[இரண்டாம் பாதை: பேசாமல் இருக்கிறார், ஒரு விபத்து நடக்கிறது.] ஒரு நோயாளியைக் கொன்றுதான் என் கதைக்கு அழுத்தம் வர வேண்டுமென்றால் அந்த அழுத்தம் எனக்கு வேண்டாம்.

மூன்றாவது, நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு டியூட்டர் போனார். இரண்டு வகைக் குழாயையும் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். கீழே அளவுக் குப்பி வைத்தார். “எண்ணுங்க” என்றார். தட்டும் கையுமாக நின்ற பெண்கள் சத்தமாக எண்ணினார்கள். பெரிய சொட்டு இருபதில் ஒரு மில்லிக் கோட்டைத் தொட்டது. சின்னச் சொட்டு அறுபதில் தொட்டது.

“நீங்கல்லாம் முதல்ல சரியாத்தான் எழுதியிருந்தீங்க. ஏன் அடிச்சீங்க?”

“புக்குல போட்டிருந்துதே மேடம்.”

“நாற்பதாவதுல சின்னச் சொட்டுக்கு அதிகம்னு நீங்களே எழுதினீங்க. அடுத்ததுலயே இது இடிக்குதேன்னு தோணலையா?”

“தோணுச்சு மேடம்” என்றாள் ஒருத்தி. “எனக்குத்தான் புரியலன்னு நினைச்சுக்கிட்டேன்.”

இன்னொருத்தி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “வேற யார் எழுதின புக்கா இருந்தாலும் கேட்டிருப்பேன் மேடம். அது நீங்க எழுதினது. உங்கள நம்பித்தான் அடிச்சேன்.”

டியூட்டர் அளவுக் குப்பியை எடுத்துக் காலி செய்தார். குழாய்களைக் கழற்றிக் கொடுத்தது ஆமை.

10

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நான்காம் பகுதியின் கடைசிக் கோட்டில் என்ன எழுதினீர்கள்? அறுபத்து நான்கில் சரிபாதி முப்பத்திரண்டு. நான் விடை என்று கொடுத்தது 34. வேண்டுமென்றேதான் கொடுத்தேன். ‘யோவ், கணக்கு உதைக்கிறதே’ என்று மேலே போய்ப் பார்த்திருந்தால் உங்களுக்கு ஆமையின் பக்கத்தில் ஓர் இடம் உண்டு. ‘நமக்கு எப்பவுமே கணக்கு வராது’ என்று நகர்ந்திருந்தால் வருத்தப்படாதீர்கள், கூட்டம் அந்தப் பக்கம்தான். ஒரு வேளை எழுதவே இல்லையோ? அட்டையும் எடுக்கவில்லையோ? அதுவும் தெரிந்ததுதான்.

நான் கவனித்தது இது. தப்பான விடை ஒன்று சரியான விடை இருக்க வேண்டிய இடத்தில், அதே எழுத்தில், அதே நிதானத்தோடு உட்கார்ந்திருந்தால் நாம் சந்தேகப்படுவது நம்மைத்தான். டியூட்டரின் முறைமேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. தப்பையும் ஆளையும் தனியாக விட வேண்டும் என்றார், சரி. ஆனால் அந்த அறையில் அவர்கள் இருவர் மட்டும் இல்லை. விடை ஓரத்தில் இன்னொருத்தர் எப்போதும் உட்கார்ந்திருக்கிறார்.

11

ஆய்வுக் குழுவின் முன் டியூட்டர் போய் நின்றார். ஐந்து பேர், ஒரு நீள மேசை. நடந்ததைச் சொன்னார். இந்தத் தரவு செல்லாது, புது மாணவிகளோடு முதலிலிருந்து தொடங்கட்டும் என்றார்கள். இன்னும் இரண்டு வருஷம்.

“ஒட்டினவர் யாரு? அவர் பண்ணின தப்புதான இது?” என்று ஒருவர் உதவிக்கு வந்தார்.

“இல்ல சார். சரிபாக்க வேண்டியது நான். பாக்கல. கவனக்குறைவு” என்றார் டியூட்டர்.

அதை அவர்கள் எழுதிக்கொண்டார்கள். டியூட்டரும் தனக்குள் எழுதிக்கொண்டார். இரண்டாம் முறை ஒவ்வொரு சட்டகத்தையும் அடிக்கோல் வைத்து நான்கு தடவை படித்தார். பட்டம் வாங்கினார். முப்பத்தொரு பேரின் கோடுகளைப் பற்றி அவர் எழுதிய அத்தியாயத்தைத்தான் தேர்வாளர்கள் மெச்சினார்கள். புத்தகத்தின் முதல் பக்க விதிகளோடு இன்னொன்றைக் கூட்டினார்: ‘விடையோடு உடன்பாடு இல்லையென்றால் கேள்விக்குறி போடு, உடனே கேள்.’ ஆனால் கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற பழக்கம் அப்போது வந்ததுதான்.

[ஜெராக்ஸ் கடைக்காரர் அதற்குப் பிறகு ஊரை விட்டுப் போய்விட்டார். எங்கே இருக்கிறாரோ—]

12

ஜெராக்ஸ் கடை என்று ஒன்று கிடையாது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அது.

மற்ற வாசகர்கள் கோபித்துக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வேண்டும். நின்றுகொண்டே கேட்டாலும் சரி. இனி நான் பேசுவது ஒருத்தியிடம்.

இதுவரை உன்னை அவர் இவர் என்று எழுதினேன். நீ என்று எழுதினால் ஐந்தாம் பகுதியிலேயே மாட்டிக்கொள்வேன் என்ற பயம்.

அன்று சாயங்காலம் ஆறு மணி இருக்கும். நான் மேசையில் பட்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டு என் உயிரை வாங்கியது. நீ குழாயடியில் கை கழுவிக்கொண்டே கேட்டாய்: “ஏங்க, அந்த ரெண்டுக்கும் விடையையும் மாத்திட்டீங்களா?” நான் திரும்பிப் பார்க்கவில்லை. “ம்… மாத்தியாச்சு” என்றேன். மாற்றவில்லை. பிரிண்டரைச் சரிசெய்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிரிண்டர் சரியானதும் மறந்தே போனேன். இது பிழை. இதை மன்னித்துவிடலாம் என்று வைத்துக்கொள்.

அடுத்தது பிழை இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து திரும்பி வந்து அதே மேசையில் உட்கார்ந்தாய். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“நான் உங்களக் கேட்டேன்னுதான் நினைக்கிறேன். விடையையும் மாத்திட்டீங்களான்னு. நீங்க ஏதோ சொன்னீங்க.”

நான் சொன்னேன்: “நீ கேக்கவே இல்லையே.”

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாய். அந்த முகத்தை எனக்கு வர்ணிக்கத் தெரியவில்லை. கோபமில்லை, சந்தேகமில்லை. ஏதோ கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கிற முகம். அப்புறம், “அப்படியா? சரி, நான்தான் கேக்க மறந்திருப்பேன்” என்றாய். அந்த முப்பத்தொரு பெண்கள் போட்ட மாதிரி நேரான ஒரு கோடு.

நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய். விடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தது நான். என்னை நம்பித்தான் அடித்தாய். அந்தப் பெண் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னதை நீ வந்து என்னிடம் சொன்னபோது எனக்கு வாயில் வார்த்தை வந்துவிட்டது. அதை அங்கேயே நிறுத்திக்கொண்டேன். ஏன் நிறுத்தினேன்? நீ அவ்வளவு பெரிய இழப்போடு உட்கார்ந்திருந்தபோது, அதற்குக் காரணமான ஆளாக உன் எதிரில் இருக்க எனக்குத் தைரியம் இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைகள் இவ்வளவு சுலபமாகச் சேர்ந்துவிடும் என்று தெரியாது. பத்தொன்பது வருஷம் நீ பூட்டை இழுத்துப் பார்க்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது. என் மேலேயே எனக்குக் கோபமாகவும் இருக்கிறது.

முதலில் இதைக் கதையாக எழுதி, கடைக்காரர் தலையில் கட்டிவிட்டு, உனக்குக் காட்டாமல் எங்காவது அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அடித்த வரிகளை அழிக்காமல் விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். உன் புத்தகத்தின் விதி அதுதானே. எங்கெங்கே நழுவப் பார்த்தேன் என்று நீ எண்ணிக்கொள்ளலாம்.

13

இன்று செவ்வாய்க்கிழமை. உன் உரைத் தாளுக்கு மேலே, கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் இதை வைக்கப்போகிறேன். இரண்டு சட்டகம்தான் பாக்கி.

41. அந்தச் சாயங்காலம், விடைகளையும் மாற்றியாயிற்றா என்று நீ என்னிடம் ____________.

14

விடை: கேட்டாய்

இந்தத் தடவை சட்டகமும் விடையும் நேருக்கு நேராக இருக்கின்றனவா என்று அடிக்கோல் வைத்து நான்கு தடவை பார்த்துவிட்டேன். இருந்தாலும் நீயும் ஒரு தடவை பார். என்னை நம்பாதே.

நாற்பத்திரண்டுக்கு விடை ஓரம் காலி. எனக்குத் தெரியாது. ‘என்’ என்று நீ எழுதி வைத்திருந்த இடத்தை மட்டும் கோடாக்கியிருக்கிறேன். அங்கே யார் பெயரை எழுதினாலும், அல்லது முன்பு இருந்ததையே எழுதினாலும், வெள்ளிக்கிழமை நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். பென்சில் பக்கத்தில் இருக்கிறது. அழிப்பான் வைக்கவில்லை.

42. ____________ கவனக்குறைவால் நேர்ந்த ஒரு பிழையிலிருந்து இந்த உரையைத் தொடங்குகிறேன்.